ஸ்பெயினில் செய்த மலிவு விலைக் கித்தார்: பணம் பெயருக்கா, வேலைக்கா?

கேள்வி, 6 பிப்ரவரி 2021

தொடக்கநிலை விலையில், ஸ்பெயினில் செய்த கிளாசிக்கல் கித்தார் ஒன்றை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மேல்பலகை மட்டுமே முழுமரம். பின்பலகையும் பக்கங்களும் ஒட்டுப்பலகை. ஏறக்குறைய அதே தொகைக்குச் சீனாவில் செய்த, எல்லாப் பலகைகளும் முழுமரமான கித்தார் கிடைக்கிறது. அப்படியிருக்க, ஒலித்துளைக்குள் ஒட்டியிருக்கும் 'ஸ்பெயின்' என்ற காகிதத்துக்குத்தானே மிச்சப் பணம் போகிறது? இது வெறும் மயக்கம் என்பது என் கட்சி. மறுப்பவர் உண்டா?

7 பிப்ரவரி 2021

மறுக்கிறேன், ஆனால் முழுவதையும் அல்ல. நீங்கள் விவரிக்கும் அதே வகைக் கித்தார் ஒன்று ஏழு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. மேல்பலகை முழுமரத் தேவதாரு; பின்பலகையும் பக்கங்களும் சபேலி என்னும் மரத்தின் ஒட்டுப்பலகை; தந்தி நீளம் 650 மில்லிமீட்டர்; கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டின் அகலம் 52 மில்லிமீட்டர். செய்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பெயரையே சுற்றிக்கொண்டிருக்கும். மேலும், நான் சொல்லவிருக்கும் குறைகளில் எவை அவர்கள் செய்தவை, எவை நானே செய்தவை என்பது எனக்கு இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

காகிதத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தோம் என்பது உண்மைதான். வாங்கிய நாளில் நானும் குனிந்து அந்தக் காகிதத்தைத்தான் முதலில் படித்தேன்; தந்தியைத் தொட்டது அதற்குப் பிறகு. ஆனால் இத்தனை ஆண்டுகள் வாசித்த பின் அந்தக் கித்தாரில் நான் மதிப்பது மரத்தையும் அல்ல, காகிதத்தையும் அல்ல. கழுத்து உடலோடு சேரும் கோணமும், விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளின் மட்டமும், மேல் ஃப்ரெட்டுகளிலும் சுருதி விலகாமல் நிற்பதுமே அதன் சொத்து. முழுமரம் என்ற சொல்லை விளம்பரத்தில் எழுதலாம். கழுத்தின் கோணத்தை எழுதினால் யாருக்கும் புரியாது. ஆகையால் யாரும் எழுதுவதில்லை.

ஸ்பெயினின் மரபு முறையில் உடலைத் தனியே, கழுத்தைத் தனியே செய்து பின்னர் பொருத்துவதில்லை. கழுத்தின் அடிக்கட்டையில் இரு புறமும் வெட்டிய பள்ளங்களில் பக்கப்பலகைகளைச் செருகி, அதே கட்டையின் தொடர்ச்சியாக ஒரு பாதம் உடலுக்குள் நீண்டு பின்பலகைமேல் அமரும்படி வைத்து, கித்தார் முழுவதையும் சொலேரா என்னும் பணிப்பலகையில் குப்புறக் கிடத்திக் கட்டி எழுப்புகிறார்கள். கோணம் அந்தப் பணிப்பலகையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஒலித்துளைக்குள் ஒரு சிறு கண்ணாடியை நீட்டிப் பார்த்தால் அந்தப் பாதம் தெரியும். என்னுடையதில் இருக்கிறது.

7 பிப்ரவரி 2021, இரவு

மேல்பலகை முழுமரமா என்பதைக் காகிதத்தை நம்பாமல் கண்ணாலேயே பார்க்கலாம். ஒலித்துளையின் விளிம்பில், மேற்பரப்பில் ஓடும் மரக்கோடுகள் பலகையின் கனத்திலும் அப்படியே கீழிறங்கினால் முழுமரம். கோடுகள் விளிம்போடு நின்று, கனத்தில் வேறு நிறப் படலங்கள் தெரிந்தால் ஒட்டுப்பலகை. விளிம்பில் கருவண்ணம் பூசி மறைத்திருந்தால், ஏன் மறைத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

9 பிப்ரவரி 2021

'ஸ்பானிய கித்தார்' என்பதும் 'ஸ்பெயினில் செய்த கித்தார்' என்பதும் ஒன்றல்ல. முதலாவது வகையின் பெயர். உலகின் எந்த மூலையில் செய்தாலும் அது ஸ்பானிய கித்தார்தான். கோர்டோபா என்பது ஸ்பெயினில் உள்ள ஓர் ஊரின் பெயர்; அந்தப் பெயரில் கித்தார் விற்கும் நிறுவனமோ கலிஃபோர்னியாவில் தொடங்கியது. அதன் மாடல்கள் பல சீனாவிலும் சில ஸ்பெயினிலும் உருவாகின்றன. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை, படித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்பெயினிலேயே செய்யும் மலிவு விலைத் தொழிற்சாலைகள் பல, நாம் கற்பனை செய்யும் தென் ஸ்பெயினின் அந்தலூசியாவில் இல்லை. அங்குள்ள கிரனாதா நகரின் சந்துகளில் தனி ஆளாகக் கித்தார் செய்யும் கைவினைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் காத்திருந்து வாங்கும் கித்தாரைப் பற்றியல்ல நாம் பேசுவது. அல்ஹாம்ப்ரா என்ற நிறுவனம் கிரனாதாவின் கோட்டைப் பெயரைச் சூடிக்கொண்டு, அலிகாந்தே மாகாணத்தின் முரோ தெ அல்கோய் என்னும் ஊரில் 1965 முதல் இயங்குகிறது. வலென்சியா நகரை ஒட்டிய ஊர்களிலும் வேறு சில தொழிற்சாலைகள் உண்டு. அரபுக் கோட்டையின் நீரூற்றும் நிலவொளியும் பெயரில் இருக்கின்றன; மரம் அறுக்கும் இயந்திரம் வேறு மாகாணத்தில் ஓடுகிறது. உங்கள் 'மயக்கம்' என்ற சொல் இந்த இடத்தில் சரியாகப் பொருந்துகிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

14 பிப்ரவரி 2021

எல்லாப் பலகையும் முழுமரம் என்ற உங்கள் வாதத்துக்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது, எதிர்த்தரப்பில். இன்றைய கிளாசிக்கல் கித்தாரின் உருவத்தையும் அளவையும் நிலைநிறுத்தியவர் அந்தோனியோ தெ தோர்ரெஸ். 1817இல் அல்மேரியாவில் பிறந்து 1892இல் மறைந்தவர். கித்தாரின் குரல் மேல்பலகையில்தான் இருக்கிறது என்பதைக் காட்டுவதற்காக, 1862இல் பின்புறத்தையும் பக்கங்களையும் காகித அட்டைக் கூழால் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தால் இழைத்து ஒரு கித்தாரைக் கட்டினார். அந்தக் கித்தார் இன்று பார்சலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அட்டையால் செய்தே ஒருவர் தம் கட்சியை நிறுவியிருக்கும்போது, சபேலி ஒட்டுப்பலகைக்காக நான் வெட்கப்படவில்லை.

மேல்பலகையின் உட்புறத்தில் விசிறிபோல் விரியும் மெல்லிய மரச்சட்டங்களும் அவர் செம்மைப்படுத்திய ஏற்பாடுதான். நேற்று கைப்பேசியின் கேமராவை ஒலித்துளைக்குள் விட்டுப் படமெடுத்துப் பார்த்தேன். விசிறி இருக்கிறது. கூடவே ஏழாண்டுத் தூசியும், காணாமல் போனதாக நான் நினைத்திருந்த ஒரு பென்சிலும் இருந்தன.

15 பிப்ரவரி 2021

நேற்று எழுதியதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். தோர்ரெஸ் மேல்பலகையே முதன்மை என்று காட்டினார். பின்பலகை எதற்கும் ஆகாது என்று காட்டவில்லை. ஈட்டி மரத்தின் முழுப்பலகை பின்னால் இருக்கும்போது தாழ்சுருதித் தந்திகளில் ஒரு நீண்ட ஆழம் கேட்கிறது, அது என் கித்தாரில் இல்லை. இன்னொரு பக்கம், ஒட்டுப்பலகை எளிதில் வெடிக்காது. ஈரப்பதத்தைக் காவல் காக்கும் பொறுமை இல்லாதவர் எல்லாப் பலகையும் முழுமரமான கித்தாரை வாங்கினால், வறட்சியில் மேலேயும் பின்னேயும் வெடிப்பு விழும் வாய்ப்பையும் சேர்த்து வாங்குகிறார்.

18 பிப்ரவரி 2021

ஒரு வேடிக்கை. 'ஸ்பெயினில் செய்தது' என்கிறோமே, அதில் ஸ்பெயினில் விளைந்தது எது என்று ஒரு மாலை முழுவதும் பட்டியல் போட்டுப் பார்த்தேன். பின்பலகைச் சபேலி ஆப்பிரிக்க மரம். விரல்பலகை ஈட்டி, அதாவது நம் பழைய பேச்சில் தோதகத்தி, இந்திய மரம். கழுத்து, 'ஸ்பானிய தேவதாரு' என்று வணிகர்கள் அழைக்கும் செட்ரேலா. ஆகா, ஒன்றாவது ஸ்பெயின் என்று மகிழ்ந்தால், அது மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளில் வளரும் மகோகனிக் குடும்பத்து மரம். ஸ்பெயினும் இல்லை, தேவதாருவும் இல்லை. ஸ்பெயின் மண்ணில் விளைந்து மரபாகக் கித்தாருக்குப் போகும் மரம் சைப்ரஸ். அது தென் ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசைக்கான கித்தாரின் பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் உரியது, என்னுடையதில் ஒரு துண்டுகூட இல்லை. ஆக, என் கித்தாரில் ஸ்பெயின் என்று சொல்லத்தக்கது அதைக் கட்டிய முறை மட்டுமே.

19 பிப்ரவரி 2021

நேற்று ஊரார் தேவதாருவைக் கேலி செய்த நான் என் வீட்டுத் தேவதாருவைக் கவனிக்கவில்லை. முதல் குறிப்பில் 'மேல்பலகை முழுமரத் தேவதாரு' என்று எழுதினேன், அதுவும் தவறு. கித்தார்க்காரர்கள் சீடார் என்று சொல்லும் மேல்பலகை மரம், வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் துயா பிளிகாத்தா. அது சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இமயமலைத் தேவதாருவுக்கு உறவில்லை. இனிமேல் சீடார் என்றே எழுதுகிறேன். இந்த மரம் கிளாசிக்கல் கித்தாருக்குள் பரவலாக நுழைந்ததே 1960களில்தான். மத்ரீத்தில் 1882இல் தொடங்கிய ராமிரெஸ் பட்டறையின் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த ஹோசே ராமிரெஸ் அதைக் கொண்டுவந்தார். அதற்கு முன் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரம்.

சீடார் முதல் நாளிலேயே வாய் திறந்து பேசும். ஸ்ப்ரூஸ் பழகப் பழகத் திறக்கும் என்பார்கள். முதல் பாதி என் அனுபவத்துக்கு ஒத்துவருகிறது. இரண்டாம் பாதியைச் சோதிக்க என்னிடம் ஸ்ப்ரூஸ் கித்தார் இல்லை. ஆனால் ஏழாண்டுகளில் கித்தார் மாறியதா, கை மாறியதா என்பதை எந்தக் காது பிரித்துச் சொல்லும்?

2 மார்ச் 2021

தந்தி உயரம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மலிவு விலைக் கித்தார்களைத் தொழிற்சாலைகள் கொஞ்சம் உயரமாகவே அனுப்புகின்றன. குறைப்பது எளிது, கூட்டுவது கடினம் என்பதால் அது நியாயமும்கூட. என்னுடையது வந்தபோது பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தடித்த ஆறாம் தந்தி 5 மில்லிமீட்டர், மெல்லிய முதல் தந்தி 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கிளாசிக்கல் கித்தாருக்குப் பழகிய அளவு 4, 3. சென்ற ஆண்டு நானே சேடிலை, அதாவது உடல்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் மெல்லிய துண்டை, கழற்றி அதன் அடிப்பாகத்தை உப்புத்தாளில் உரசி இறக்கினேன். கணக்கு எளியது: பன்னிரண்டாம் ஃப்ரெட் தந்தியின் சரிபாதியில் இருப்பதால், அங்கே 1 மில்லிமீட்டர் குறைய, சேடிலில் 2 மில்லிமீட்டர் போக வேண்டும். 2 மில்லிமீட்டர் உரசினேன். இடது கைக்கு வாழ்வு வந்தது.

அதன்பின் சில சுரங்களில் 'ஜிர்' என்றொரு அதிர்வு கேட்கிறது. மரம் வறண்டுவிட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வறட்சியில் மேல்பலகை உட்குழிந்து, தந்தி தாழ்ந்து, ஃப்ரெட்டைத் தொடும்; ஈரத்தில் மேல்பலகை உப்பித் தந்தி உயரும். ஈரமானி ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பது நல்லது.

3 மார்ச் 2021

'எங்கிருந்து அளந்தீர்கள்?' என்று ஒருவர் ஒற்றை வரியில் கேட்டிருக்கிறார். விரல்பலகையின் மரத்திலிருந்துதான் என்று பதில் எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

4 மார்ச் 2021

அளவை ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து எடுக்க வேண்டும். மரத்திலிருந்து எடுத்தால் ஃப்ரெட்டின் உயரமும், ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், அதில் சேர்ந்துவிடும். ஆகவே என் கித்தார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 5, 4 அல்ல. 4, 3 என்னும் அதே பழகிய அளவில்தான், ஒரு மயிரிழை கூடுதலாக இருந்திருக்கிறது. சரியாக இருந்ததை நான் 2 மில்லிமீட்டர் உரசி 3, 2 ஆக்கியிருக்கிறேன். அதிர்வுக்குக் காரணம் வறட்சி என்று ஓராண்டு முழுவதும் வானத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். 2 மார்ச் குறிப்பை அழிக்கவில்லை. வேறு யாரேனும் உப்புத்தாளோடு உட்காரும்முன் அதையும் இதையும் சேர்த்துப் படிக்கட்டும்.

எனில், அப்போது கை வலித்தது ஏன்? இரண்டு நாளாக அதைத்தான் யோசிக்கிறேன். கட்டைவிரலைக் கழுத்தின் மேல்விளிம்புக்கு ஏற்றிப் பிடித்திருந்தேன். அப்படிப் பிடித்தால் மற்ற விரல்கள் சாய்ந்து விழும், சாய்ந்த விரலுக்கு இரண்டு மடங்கு அழுத்தம் வேண்டும். கட்டைவிரலைக் கழுத்தின் பின்நடுவே, நடுவிரலுக்கு நேர் எதிரே இறக்கியதும் அதே காலத்தில்தான். சேடில் உரசியதால் கிடைத்ததாக நான் நம்பிய நிம்மதி, கட்டைவிரல் தந்ததாக இருக்கலாம்.

11 ஏப்ரல் 2021

எலும்புச் சேடில் ஒன்றை வாங்கி, இம்முறை ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து மூன்று தடவை அளந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக உரசிப் பொருத்தினேன். ஆறாம் தந்தி 3.9, முதல் தந்தி 3.0. சேடிலின் அடி தட்டையாக இல்லாவிட்டால் ஒலி ஒரு பக்கம் செத்துப்போகும். ஆகவே கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்து உரசினேன். வேலை முடிந்ததும் புதுத் தந்திகள் கட்டினேன்.

முக்கால் பங்கு அதிர்வு போய்விட்டது. கால் பங்கு மிச்சம்.

அந்தக் கால் பங்கு ஃப்ரெட்டில் உரசும் 'ஜிர்' அல்ல. மெல்லிய, உலோகமற்ற, கொசு போன்ற ஒன்று. நான்காம் தந்தியைத் திறந்து மீட்டும்போதும், ஐந்தாம் தந்தியில் சில இடங்களிலும் மட்டும் கேட்கிறது. உட்சட்டம் ஏதோ பசைவிட்டிருக்கும் என்று பயமாக இருக்கிறது. மேல்பலகையை விரல்மூட்டால் தட்டித் தட்டிக் கேட்டதில் ஒன்றும் தெரியவில்லை.

25 ஏப்ரல் 2021

தந்திகளைப் பற்றித் தனியே கேட்டவருக்கு. கித்தார் வாங்கியவுடன் மாற்ற வேண்டிய பொருள் தந்திதான். 1940கள் வரை உயர்சுருதித் தந்திகள் மூன்றும் ஆட்டுக்குடல். தாழ்சுருதித் தந்திகள் மூன்றும், பட்டு இழைமேல் உலோகச் சுற்று. போர்க்காலத்தில் குடல்தந்தி கிடைப்பது அரிதானபோது, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலானைத் தந்தியாக்க முயன்றார். ஸ்பெயினின் புகழ்பெற்ற கித்தார்க் கலைஞர் செகோவியா அதை ஏற்று மேடையில் வாசித்தார். நாம் 'பழைய ஸ்பானிய ஒலி' என்று உருகுவதில் பாதி, அமெரிக்க வேதியியல்.

நைலானில் மூன்றாம் தந்திதான் எப்போதும் மந்தம். தடித்து, மங்கி, பஞ்சுபோல் ஒலிக்கும். மலிவுக் கித்தாரின் குறை என்று பலர் அதை நினைக்கிறார்கள். விலை உயர்ந்தவற்றிலும் அந்தச் சிக்கல் உண்டு. கார்பன் என்று விற்கப்படும் தந்தி நைலானைவிட அடர்த்தி கூடியதாகையால் அதே சுருதிக்கு மெலிதாக இருக்கும். மூன்றாவதை மட்டும் அதற்கு மாற்றினேன், மூடியிருந்த ஒரு சன்னல் திறந்ததுபோல் இருந்தது. தூண்டில் நரம்புக்குப் பயன்படும் அதே வகைப் பொருள்தான் அது. முதல் தந்திக்கும் அதையே போட்டேன். சீடாரில் அது கூர்மையாகிக் காதைக் குத்தியது, பழையபடி நைலானுக்கே திரும்பிவிட்டேன்.

எஃகுத் தந்தியைக் கிளாசிக்கல் கித்தாரில் கட்டவே கூடாது. நைலான் தொகுதி முழுவதும் இழுக்கும் விசை ஏறக்குறைய 40 கிலோ எடை. எஃகு அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. குதிரை பிய்ந்துகொண்டு வரும். குதிரை என்று நான் எழுதுவது, மேல்பலகையில் தந்தியின் முனையைக் கட்டும் மரத்துண்டை. வீணைக்காரர்களின் சொல்லைக் கடன் வாங்கியிருக்கிறேன். பாலம் என்று எழுதக் கை வரவில்லை.

16 மே 2021

கொசுவைப் பிடித்துவிட்டேன்.

உட்சட்டமும் அல்ல, ஒட்டும் அல்ல, ஸ்பெயினும் அல்ல. ஏப்ரலில் புதுத் தந்தி கட்டியபோது நான்காம் தந்தியின் வால்நுனியைக் குதிரைக்குப் பின்னால் வெட்டாமல் நீளமாக விட்டிருந்தேன். அந்த நுனி வளைந்து மேல்பலகையை மயிரிழை அளவில் தொட்டுக்கொண்டிருந்தது. பலகை அதிரும்போதெல்லாம் அதன்மேல் நுனி தாளம் போட்டது. நகவெட்டியால் கத்தரித்தேன். போய்விட்டது. ஐந்து வாரம் நான் தட்டித் தட்டிக் கேட்ட இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி அது கண்முன்னேயே இருந்திருக்கிறது.

உங்களுக்கும் புரியாத அதிர்வு வந்தால், கித்தாரைத் திறக்கும் ஆளைத் தேடும் முன் இவற்றைத் தொட்டுப் பாருங்கள்: தந்தியின் வால்நுனி, முறுக்காணியின் தளர்ந்த திருகு, சட்டைப் பொத்தான், எதிரே மேசைமேல் இருக்கும் கண்ணாடிக் கோப்பை. கடைசியது நகைச்சுவை அல்ல. இன்னொரு தடவை அதுதான் குற்றவாளி.

8 ஆகஸ்ட் 2021

கேள்வி கேட்டவர் இன்னும் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். கை சிறியது, 650 மில்லிமீட்டர் தந்தி நீளம் ஒத்துவருமா என்பது இப்போதைய கவலை. 640இலும் அதற்குக் குறைவாகவும் கித்தார்கள் உண்டு. 664 கூட உண்டு. அதே ராமிரெஸ் பட்டறை பெரிய அரங்குகளுக்காகச் செய்த நீளம் அது. ஒரு காலத்தில் வளர்ந்தவர்கள் எல்லாரும் அந்த 14 மில்லிமீட்டருக்காகக் கையை நீட்டி வருந்தினார்கள். என் கையும் சிறியது என்று நானும் நம்பியிருந்தேன். கட்டைவிரல் கதையை மேலே எழுதிவிட்டேன். இடது பாதத்தைச் சிறு பீடத்தில் உயர்த்தி, கித்தாரின் தலை ஏறக்குறைய கண்மட்டத்துக்கு வருமாறு வைத்துக்கொண்டால், அதே கைக்கு அதே கழுத்து குட்டையாகிவிடும். அப்படியும் முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட்டுக்கு வலியில்லாமல் விரல் விரியவில்லை என்றால் 640 வாங்குங்கள். அதில் இழிவு ஒன்றும் இல்லை.

21 நவம்பர் 2021

ஒரு நண்பரின் கித்தாரை அரை மணி நேரம் வாசித்தேன். ஸ்பெயினில் ஒற்றைக் கைவினைஞர் செய்தது. என்னுடையதைப்போல் பதினைந்து மடங்காவது விலை இருக்கும். ஒலி பதினைந்து மடங்கு பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பெரிதாகவே இல்லை. மாறாக, வலது கையைக் குதிரைப் பக்கம் நகர்த்தினால் ஒரு குரல், ஒலித்துளைமேல் கொண்டுவந்தால் வேறு குரல், நகத்தின் சாய்வைக் கொஞ்சம் மாற்றினால் மூன்றாவது குரல் என்று, நான் கேட்காததையெல்லாம் அது கொடுத்தது. முதல் தந்தியின் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் என் கித்தாரில் ஒலி குறுகி விரைவில் அணைந்துவிடும். இதில் அங்கேயும் பாடிக்கொண்டிருந்தது.

பத்தாவது நிமிடத்தில் சங்கடம் தொடங்கியது. சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டுவதில் எனக்கு ஒரு நொண்டல் உண்டு. என் கித்தார் அதைப் பல ஆண்டுகளாக மூடி மறைத்து வந்திருக்கிறது. இது ஒளிவுமறைவில்லாமல் கேட்கவைத்தது. என் மலிவுக் கித்தார் எனக்கு ஒரு கருணை காட்டியிருக்கிறது என்று அப்போது தோன்றியது. கருணை நீண்டுபோனால் கெடுதல் என்றும் தோன்றியது.

22 நவம்பர் 2021

நேற்றைய ஒப்பீடு முழு நியாயமானதல்ல. அதில் இருந்தது ஸ்ப்ரூஸ் மேல்பலகை, புதுத் தந்திகள். என்னுடையதில் மூன்று மாதத் தந்திகள். இன்று காலை தந்தி மாற்றி மறுபடி வாசித்தேன். இடைவெளி பாதியாகக் குறைந்தது. மறுபாதி இருக்கிறது, அது எந்தத் தந்தியாலும் நிரம்பாது.

நகத்தையும் சொல்ல வேண்டும். நகம் சொரசொரப்பாக இருந்தால் எந்த விலைக் கித்தாரும் சுரண்டும். மிக நுண்ணிய உப்புத்தாளில் இழைத்து, இடப்புறத்திலிருந்து ஒரு சீரான சரிவு கொடுத்த பிறகே மெல்லிய தந்திகள் மணிபோல் பேசத் தொடங்கின. நகமா, சதையா என்ற சண்டை இருநூறு ஆண்டுப் பழமையானது. பாரிஸில் ஒன்றாகச் சேர்ந்து வாசித்த ஸ்பெயின்காரர்கள் இருவரில் அகுவாதோ நகத்தால் வாசித்தார், சோர் நகமில்லாமல் வாசித்தார். நட்புக்கு அது குறுக்கே வரவில்லை.

6 மார்ச் 2022

ஈட்டிப் பின்பலகை உள்ள, அடுத்த படி மாடலைப் பழையதாக வாங்கலாமா என்று இங்கே கேட்டிருப்பதற்கு ஓர் எச்சரிக்கையும் அதன் திருத்தமும். 2017 ஜனவரி 2 முதல் ஈட்டிப் பேரினத்து மரங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தன; கித்தாரை எல்லை கடந்து விற்க அனுமதிச் சீட்டுத் தேவைப்பட்டது. முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்கு அளித்துவிட்டார்கள். பிரேசில் ஈட்டி மட்டும் வேறு. அது 1992 முதலே முதல் பட்டியலில் இருக்கிறது, அந்த விலக்கு அதற்குப் பொருந்தாது. மலிவுக் கித்தாரில் பிரேசில் ஈட்டி இருக்கப்போவதில்லை. எவரேனும் இருப்பதாகச் சொல்லி விற்றால், மரத்தைப் பார்ப்பதற்கு முன் சொல்பவரைப் பார்க்கவும்.

பழைய கித்தாரில் முதலில் பார்க்க வேண்டியது பளபளப்பு அல்ல, சேடில். குதிரைக்கு மேல் சேடில் சற்றேனும் உயர்ந்து நிற்க வேண்டும். அது அடிவரை உரசித் தீர்ந்துபோயும் தந்தி இன்னும் உயரமாக இருந்தால், கழுத்தின் கோணம் முன்னோக்கிச் சாய்ந்துவிட்டது என்று பொருள். முதல் குறிப்பில் நான் புகழ்ந்த அதே ஸ்பானிய முறை இங்கே பகையாகிறது. கழுத்தும் உடலும் ஒன்றாகவே கட்டப்பட்டதால், எஃகுத் தந்திக் கித்தார்களில் செய்வதுபோல் கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்திப் பூட்ட முடியாது. விரல்பலகையைப் பெயர்த்துச் சீவ வேண்டும். அந்தச் செலவு மலிவுக் கித்தாரின் விலையைத் தாண்டிவிடும். சரியாகப் பிறந்தால் சரியாகவே இருக்கும், தவறாகப் பிறந்தால் திருத்த முடியாது என்பதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

19 ஜூன் 2022

கேள்வி கேட்டவர் கடைசியில் இரண்டு கித்தார்களையும் அருகருகே வைத்து வாசித்துவிட்டு, எல்லாப் பலகையும் முழுமரமான சீனக் கித்தாரையே வாங்கியிருக்கிறார். அதன் ஃப்ரெட்டுகள் மட்டமாக இருந்தன, ஒலியும் பிடித்தது என்கிறார். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில், அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் மணியொலியையும் அழுத்திய சுரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தாராம், இரண்டும் ஒன்றாகவே இருந்தனவாம். அப்படியானால் நான் இத்தனை குறிப்புகளில் ஸ்பெயினுக்காக வாதாடிய கழுத்தின் கோணம் அவருக்கு வேறு நாட்டிலிருந்து கிடைத்துவிட்டது. கோணம் ஸ்பெயினின் தனிச்சொத்து என்று நான் ஒரு கணம்கூட நினைக்கவில்லை என்று எழுதலாம் என்றிருந்தேன். மேலே படித்துப் பார்த்ததில் அப்படித்தான் நினைத்திருக்கிறேன்.

ஒரே வித்தியாசம்: அவர் ஐந்து கித்தார்களைத் தூக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். நான் ஒன்றைக்கூட வாசிக்காமல் பெட்டியில் வரவழைத்தேன். வாசித்துப் பார்க்க வழியில்லாதவருக்கு, பல ஆண்டுகளாக ஒரே அளவில் ஒரே வேலையைச் செய்யும் தொழிற்சாலையின் மலிவு மாடல் ஏற்றது என்று இப்போது திருத்திச் சொல்கிறேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் சான்று இல்லை.

3 அக்டோபர் 2022

இன்று காலை நான்காம் தந்தி அறுந்தது. எப்போதும் முதலில் அறுவது அதுதான். மெல்லிய நைலான் இழைகளின்மேல் உலோகத்தைச் சுற்றியது, சுற்றிய தந்திகளில் அதுவே மெலிந்தது, ஃப்ரெட்டு உரசும் இடத்தில் சுற்று தேய்ந்து விட்டுப்போகும். புதியதைக் கட்டி, சுருதி சேர்த்து, இரண்டாம் நாளும் அது இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் இரண்டு தடவை மறுபடி ஏற்றிவிட்டு, வாசிக்க உட்கார்ந்தேன். 'ஜிர்.'

வால்நுனி.